6 ஸ்கொயர் கேபிளும் ஒற்றை எர்த் ராடும் ஒரு வீட்டுக்குப் போதுமா?

நீங்கள் விவரித்திருப்பதை முதலில் சுருக்கிக்கொள்கிறேன். மீட்டர் தெருவோரம், வீடு அங்கிருந்து 45 மீட்டர் உள்ளே. சிங்கிள் ஃபேஸ், 230 வோல்ட். ஒன்றரை டன் ஏ.சி. இரண்டு, 3 கிலோவாட் வாட்டர் ஹீட்டர் ஒன்று, இண்டக்‌ஷன் அடுப்பு, ஒரு குதிரைத்திறன் மோட்டார், அது போக வழக்கமான விளக்கு, மின்விசிறி, ஃபிரிட்ஜ். ஒயரிங் செய்பவர் மீட்டரிலிருந்து 6 ஸ்கொயர் (குறுக்குப்பரப்பு 6 சதுர மி.மீ.) காப்பர் கேபிள் போதும் என்கிறார். எர்த்துக்கு எல்லா இடத்துக்கும் 1.5 ஸ்கொயர் இழுத்துவிட்டார். வீட்டோரம் ஒரு ராடு அடித்து உப்பும் கரியும் கொட்டினால் எர்த் நன்றாக இருக்கும், ஆர்.சி.சி.பி. (கரண்ட் கசிந்தால் துண்டிக்கும் ஸ்விட்ச்) தேவையில்லை, அது அடிக்கடி விழுந்து தொல்லை தரும் என்றும் சொல்லியிருக்கிறார். பூச்சு வேலை இன்னும் தொடங்கவில்லை. இது சரியா என்பது உங்கள் கேள்வி.

சரியில்லை. மெயின் கேபிள் 16 ஸ்கொயர் வேண்டும். எர்த் பற்றி அவர் சொன்னது கேபிளை விடப் பெரிய தவறு. கேபிள் சிறிதானால் விளக்கு மங்கும், ஒயர் சூடாகும், அதையெல்லாம் கண்ணால் பார்த்துத் திருத்திக்கொள்ளலாம். எர்த் தவறினால் ஒருவர் ஷாக் வாங்கும் நாள்வரை எதுவுமே தெரியாது. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதலில் லோடு. வாட்டை 230-ஆல் வகுத்தால் ஆம்பியர் கிடைக்கும். ஹீட்டர் 3000 வாட், அதாவது 13 ஆம்பியர். இண்டக்‌ஷன் அடுப்பு 2000 வாட் என்றால் 9. ஒன்றரை டன் ஏ.சி. ஓடும்போது ஒன்றுக்கு ஏழரை ஆம்பியர் என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு குதிரைத்திறன் என்றால் 746 வாட்தான், ஆனால் அது மோட்டாரின் தண்டில் கிடைக்கும் திறன். மோட்டாருக்குள் இழப்பு உண்டு, பவர் ஃபேக்டரும் (இழுக்கும் கரண்டில் உண்மையில் வேலை செய்யும் பங்கு) ஒன்றுக்குக் கீழேதான் இருக்கும். எனவே லைனிலிருந்து 7 ஆம்பியர் வரை இழுக்கும். மீதிச் சில்லறை எல்லாம் சேர்ந்து 5. மொத்தம் 49 ஆம்பியர். எல்லாம் ஒரே நேரத்தில் ஓடுவதில்லை. ஆனாலும் ஒரு காலை நேரத்தை நினைத்துப் பாருங்கள்: ஹீட்டர் போட்டாயிற்று, அடுப்பில் ஏதோ வேகிறது, தொட்டிக்கு மோட்டார் ஓடுகிறது, ஒரு அறையில் ஏ.சி. இன்னும் நிறுத்தவில்லை. அந்தச் சில்லறை 5-ஐயும் சேர்த்தால் ஏறத்தாழ 42 ஆம்பியர் வந்துவிட்டது. அந்த 42-ஐத்தான் கணக்குக்கு எடுத்துக்கொள்ள வேண்டும். அதற்கு மெயினில் 50 ஆம்பியர் எம்.சி.பி., அதாவது கரண்ட் அளவு மீறினால் தானாக விழும் ஸ்விட்ச்.

இங்கே ஒரு விதி இருக்கிறது. உலகம் முழுக்க வீட்டு ஒயரிங்குக்கு இதுவே அடிப்படை. ஓடும் கரண்டை விட எம்.சி.பி. பெரிதாக இருக்க வேண்டும். எம்.சி.பி.யை விட ஒயரின் தாங்குதிறன் பெரிதாக இருக்க வேண்டும். இந்த வரிசையை எங்கேயும் மாற்றக் கூடாது. "எம்.சி.பி. அடிக்கடி விழுகிறது, அடுத்த சைஸ் போட்டுவிடுங்கள்" என்று எம்.சி.பி.யை மட்டும் மாற்றினால் அந்த வரிசை உடைந்துவிடும். எம்.சி.பி. இருப்பது ஒயரைக் காப்பதற்காக. 20 ஆம்பியர் தாங்கும் ஒயரின் தலையில் 32 ஆம்பியர் எம்.சி.பி. வைத்தால், நடுவில் உள்ள 12 ஆம்பியருக்கு யாரும் காவலில்லை. அதோடு எம்.சி.பி. தன் மேல் எழுதிய எண்ணைத் தாண்டியதும் உடனே விழுந்துவிடும் என்று நினைத்துவிடாதீர்கள். 1.13 மடங்கு வரை ஒரு மணி நேரத்துக்கு அது விழவே கூடாது, 1.45 மடங்கில் ஒரு மணி நேரத்துக்குள் விழ வேண்டும். இப்படித்தான் அதைத் தயாரிக்கிறார்கள். இந்த 1.45-ஐ நினைவில் வையுங்கள், எர்த் பேச்சில் மறுபடி வரும்.

அடுத்தது தாங்குதிறன். சுவரில் பைப்புக்குள் இழுத்த சாதாரண பி.வி.சி. காப்பர் ஒயர், ஒரு சர்க்யூட் மட்டும், சுற்றுப்புற வெப்பம் 30 டிகிரி என்ற நிலையில் சர்வதேச அட்டவணை தரும் எண்கள் இவை: 1.5 ஸ்கொயர் 17.5 ஆம்பியர், 2.5 என்றால் 24, 4 என்றால் 32, 6 என்றால் 41, 10 என்றால் 57, 16 என்றால் 76. ஒயரிங் செய்பவர்கள் வாயில் வரும் எண்களும் பெரும்பாலும் இவைதான். ஆனால் "30 டிகிரி", "ஒரு சர்க்யூட் மட்டும்" என்ற இரண்டு நிபந்தனைகளும் பேச்சோடு வருவதில்லை. வெயில்படும் சுவரும் மொட்டைமாடியில் ஓடும் பைப்பும் எளிதாக 40 டிகிரியைத் தொடும். அங்கே எல்லா எண்ணையும் 0.87-ஆல் பெருக்க வேண்டும். 6 ஸ்கொயரின் 41 ஆம்பியர் 36-க்கு இறங்கிவிடும். உங்களுக்கு வேண்டியதோ 50. பத்து ஸ்கொயர் 49.6-இல் வந்து நிற்கிறது, மயிரிழையில் தவறுகிறது. 16 ஸ்கொயர் 66 தரும்.

வெப்பத்தை விடக் கடுமையானது கூட்டம். ஒரே பைப்பில் இரண்டு சர்க்யூட் ஓடினால் 0.8, மூன்று ஓடினால் 0.7, நான்கு என்றால் 0.65. ஒயர்கள் ஒன்றையொன்று சூடாக்கிக்கொள்ளும், சூடு வெளியேற வழியில்லை. உங்கள் ஹீட்டர் ஒயரை எடுத்துக்கொள்வோம். 2.5 ஸ்கொயர், 16 ஆம்பியர் எம்.சி.பி. என்று போட்டால் காகிதத்தில் சரியாகத்தான் தெரிகிறது. ஆனால் அதே பைப்பில் இரண்டு ஏ.சி. ஒயர்களும் போகின்றன என்றால் 24 × 0.87 × 0.7, ஏறத்தாழ 14.6 ஆம்பியர்தான். எம்.சி.பி.யின் 16-க்குக் கீழே போய்விட்டது. ஒன்று ஹீட்டருக்குத் தனிப் பைப் போட வேண்டும், அல்லது 4 ஸ்கொயர் இழுக்க வேண்டும். நான்கில் இதே கணக்கு 19.5 வரும். பி.வி.சி. காப்புக்கு 70 டிகிரிதான் எல்லை. அதற்கு மேல் தொடர்ந்து சூடானால் அது அன்றே உருகிவிடாது. சில வருடங்களில் கெட்டித்து, வெடித்து, பழைய ஸ்விட்ச் பெட்டியைத் திறந்தால் கையோடு நொறுங்கி வருமே, அந்த நிலைக்கு வந்துவிடும்.

தூரம் என்று ஒன்று இருக்கிறது. உங்கள் விஷயத்தில் இதுதான் தீர்ப்பைச் சொல்கிறது. கேபிளில் ஒரு ஆம்பியர் ஓடினால் ஒரு மீட்டருக்கு எத்தனை மில்லிவோல்ட் குறையும் என்பதற்கு அட்டவணை உண்டு. போக வர இரண்டு கம்பியையும் சேர்த்த எண் அது. 6 ஸ்கொயருக்கு 7.3, பத்துக்கு 4.4, பதினாறுக்கு 2.8. நம் கணக்கு 42 ஆம்பியர், 45 மீட்டர். 6 ஸ்கொயரில் 13.8 வோல்ட் போகிறது, அதாவது 6 சதவீதம். பத்தில் 8.3 வோல்ட், 3.6 சதவீதம். பதினாறில் 5.3 வோல்ட், 2.3 சதவீதம். விளக்குகளுக்கு மொத்தம் 3 சதவீதம், மற்றவற்றுக்கு 5 சதவீதம் என்பது பொதுவாக ஏற்றுக்கொண்ட எல்லை. வீட்டுக்குள் ஓடும் ஒயரும் அந்த எல்லைக்குள்தான் அடங்க வேண்டும். 6 ஸ்கொயர் வாசலிலேயே எல்லையைத் தாண்டிவிடுகிறது. மோட்டார் ஸ்டார்ட் ஆகும் நொடியில் வழக்கத்தைப் போல ஆறு மடங்கு வரை இழுக்கும். அந்த நேரத்தில் 6 ஸ்கொயரின் கடைசியில் 25 வோல்ட் வரை குறைந்து, வீட்டு விளக்கெல்லாம் ஒரு முறை கண்ணைச் சிமிட்டும். 16 ஸ்கொயரில் அது 10 வோல்ட்டுக்குள் அடங்கும்.

அலுமினியம் போடலாமா என்று யாராவது கேட்டால், போடலாம், தவறில்லை. ஆனால் காப்பரை விட அதன் மின்தடை 1.6 மடங்கு அதிகம். எனவே 16 காப்பருக்கு ஈடாக 25 அலுமினியம். முனைகளில் காப்பரோடு நேராக முறுக்கி இணைக்கக் கூடாது, இரண்டும் சேரும் இடம் ஈரத்தில் அரித்துவிடும். அதற்கென்று பைமெட்டல் லக் (ஒரு பக்கம் அலுமினியம், மறுபக்கம் காப்பர் உள்ள இணைப்பு முனை) இருக்கிறது. இணைப்பை நாளடைவில் இறுக்கிப் பார்க்கவும் வேண்டும்.

இறுக்கம் பற்றி ஒரு வார்த்தை. ஒயர் சைஸ் பற்றி மணிக்கணக்கில் பேசுவோம், ஆனால் நான் பார்த்த கருகிய ஸ்விட்ச் பெட்டிகளில் பெரும்பாலானவை ஒயர் சிறிதானதால் கருகியவை அல்ல. ஸ்க்ரூ தளர்ந்து கருகியவை. தளர்ந்த இணைப்பில் 0.1 ஓம் தடை இருக்கிறது என்று வையுங்கள். 13 ஆம்பியர் ஹீட்டர் ஓடும்போது அந்த ஒரு புள்ளியில் 17 வாட் சூடு பிறக்கும். சின்ன சால்டரிங் அயர்ன் ஒன்றை பிளாஸ்டிக் சாக்கெட்டுக்குள் அழுத்தி வைத்ததற்குச் சமம். எம்.சி.பி.க்கு இது தெரியவே தெரியாது, கரண்ட் 13-தானே! இழை ஒயரானால் முனையில் ஃபெர்ரூல் (இழைகளைச் சேர்த்துப் பிடிக்கும் சிறு உலோகக் குழல்) மாட்டி இறுக்கச் சொல்லுங்கள். ஒரே ஓட்டையில் தடித்த ஒயரையும் மெல்லிய ஒயரையும் சேர்த்துச் சொருகினால் தடித்தது மட்டும்தான் பிடிபடும்.

இனி எர்த். இதில் ஒரு தவறான எண்ணம் நம் எல்லோருக்கும் பழகிப்போயிருக்கிறது: கசியும் கரண்டை எர்த் ஒயர் பூமிக்குள் "இறக்கிவிடும்", பூமி அதை விழுங்கிவிடும் என்பது. பூமி எதையும் விழுங்காது. கரண்ட் எங்கிருந்து புறப்பட்டதோ அங்கே, அதாவது டிரான்ஸ்ஃபார்மரின் நியூட்ரலுக்கு, திரும்பித்தான் ஆக வேண்டும். எர்த் ஒயரின் வேலை அதைத் திருப்பிக் கொண்டுபோவது. அதுவும், எம்.சி.பி. அந்த நொடியே விழும் அளவுக்குப் பெரிய கரண்டாகத் திருப்பிக் கொண்டுபோவது. இதைப் புரிந்துகொண்டால் மற்ற எல்லாம் தானாக விளங்கும்.

திரும்பும் வழி இரண்டு விதம். சில இடங்களில் மின் விநியோக நிறுவனமே டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து எர்த் ஒயர் கொண்டுவந்து மீட்டரில் தரும், அல்லது மீட்டரிலேயே நியூட்ரலில் இருந்து பிரித்துத் தரும். அங்கே திரும்பும் வழி முழுக்க உலோகம். இதை டி.என். முறை என்பார்கள். மற்ற இடங்களில் ஃபேஸும் நியூட்ரலும் மட்டும் வரும், எர்த் உங்கள் பொறுப்பு. உங்கள் ராடிலிருந்து மண் வழியாக டிரான்ஸ்ஃபார்மரின் ராடுக்குப் போக வேண்டும். இது டி.டி. முறை. ஒயரிங் செய்பவர் ராடு அடிக்கச் சொல்வதைப் பார்த்தால் உங்களுடையது டி.டி. என்றுதான் தெரிகிறது. மீட்டர் பொருத்தியவர்களிடம் கேட்டு உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள்.

டி.டி.யில் ஒரு ராடு எவ்வளவு தடை தரும்? மண்ணின் தன்தடை 100 ஓம்-மீட்டர், இது சுமாரான ஈர மண். அதில் 3 மீட்டர் நீளம், 16 மி.மீ. தடிமன் உள்ள ராடை அடித்தால் ஏறத்தாழ 33 ஓம். காய்ந்த மணலிலும் பாறையிலும் இது பல மடங்கு ஏறும். தடிமனை இரட்டிப்பாக்கி 32 மி.மீ. போட்டாலும் 33 ஓம் 30-க்குத்தான் இறங்கும். நீளத்தை இரட்டிப்பாக்கினால் கிட்டத்தட்டப் பாதியாகும். அதனால் தடித்த ராடுக்குச் செலவழிக்காமல் ஆழத்துக்குச் செலவழிக்க வேண்டும். இன்னொரு ராடு அடிப்பதானால் ராடின் நீளம் அளவுக்காவது தள்ளி அடிக்க வேண்டும். பக்கத்திலேயே அடித்தால் இரண்டும் ஒரே மண்ணைப் பங்குபோட்டுக்கொள்ளும், பலன் மிகக் குறைவு.

இப்போது அந்த 33 ஓமை வைத்துப் பாருங்கள். ஹீட்டருக்குள் ஃபேஸ் உடைந்து உலோக உடலைத் தொட்டுவிட்டது. டிரான்ஸ்ஃபார்மர் பக்கத்து எர்த் 2 ஓம் என்று கொள்வோம். 230-ஐ 35-ஆல் வகுத்தால் 6.6 ஆம்பியர். அவ்வளவுதான் ஓடும். 16 ஆம்பியர் எம்.சி.பி. அதைச் சாதாரண லோடு என்றே நினைக்கும், ஒருநாளும் விழாது. ஹீட்டரின் உடலில் 217 வோல்ட் நின்றுகொண்டே இருக்கும். எர்த் இருக்கிறது, ஒயர் அறுபடவில்லை, ராடும் புதிது. ஆனாலும் தொட்டவருக்கு உயிராபத்து.

இதை நான் நேரில் பார்த்திருக்கிறேன். கரண்ட் பில் திடீரென்று பெருகிவிட்டது என்று ஒரு வீட்டில் கூப்பிட்டார்கள். எல்லா ஸ்விட்சையும் அணைத்த பிறகும் மீட்டர் ஓடியது. டி.பி.யில் (எம்.சி.பி.கள் எல்லாம் இருக்கும் பெட்டி) இருந்து வெளியே போகும் எர்த் ஒயரில் கிளாம்ப் மீட்டரைப் போட்டேன். ஆறு ஆம்பியருக்குச் சற்று மேல் காட்டியது. ஒரு எர்த் ஒயரில் எப்போதும் இருக்க வேண்டியது சுழியத்தை ஒட்டிய எண். தேடிப் போனால் தோட்டத்து மோட்டார். சுருள் பழுதாகி உடலைத் தொட்டிருந்தது. அதன் ஸ்விட்சை யாரோ ஃபேஸில் வைக்காமல் நியூட்ரலில் வைத்திருந்ததால், அணைத்த பிறகும் ஃபேஸ் மோட்டாரில் நின்றது. ஆறரை ஆம்பியர் மண்ணுக்குள் இரவும் பகலும் ஓடி, ஒரு நாளைக்கு 30 யூனிட்டுக்கு மேல் கணக்கேறியிருந்தது. மோட்டார் அறை பூட்டியே கிடந்ததால் யாரும் தொடவில்லை. அந்த வீட்டில் இரண்டு சிறு குழந்தைகள் இருந்தார்கள். இன்றும் அதை நினைத்தால் எனக்கு வயிறு கலங்கும்.

"எங்கள் எர்த் 5 ஓம், அதற்குக் கீழே" என்று சிலர் பெருமையாகச் சொல்வார்கள். நல்ல எர்த்தான். ஆனால் 230-ஐ 5-ஆல் வகுத்தால் 46 ஆம்பியர். 32 ஆம்பியர் எம்.சி.பி.க்கு அது 1.44 மடங்கு. மேலே சொன்ன 1.45 நினைவிருக்கிறதா? விழ ஒரு மணி நேரம் ஆனாலும் ஆகலாம். சி வகை எம்.சி.பி. உடனே விழ வேண்டுமானால் 5 முதல் 10 மடங்கு கரண்ட் வேண்டும். 32 ஆம்பியருக்கு அது 320 வரை போகும். 320 ஆம்பியர் ஓட வேண்டுமானால் முழுச் சுற்றின் தடையும் 0.72 ஓமுக்குள் இருக்க வேண்டும். உலோக வழியில் இது நடக்கும். ஒற்றை ராடும் மண்ணும் இதைத் தராது.

எனவே டி.டி. வீட்டில் ஆர்.சி.சி.பி. இல்லாமல் எர்த் முழுமையாவதில்லை. ஃபேஸில் போன கரண்டும் நியூட்ரலில் திரும்பியதும் சமமா என்பதை அது பார்த்துக்கொண்டே இருக்கும். 30 மில்லி ஆம்பியர் வித்தியாசம் வந்தால் துண்டித்துவிடும். அதற்கு எர்த் தடை எவ்வளவு வேண்டும் என்பதைப் பாருங்கள்: தொடும் உடலில் 50 வோல்ட்டைத் தாண்டாமல் இருக்க வேண்டும், 50-ஐ 0.03-ஆல் வகுத்தால் 1667 ஓம். உங்கள் 33 ஓம் ராடு எம்.சி.பி.யை விழவைக்க உதவாது, ஆனால் ஆர்.சி.சி.பி.க்குத் தாராளம். அதற்காக 1000 ஓம் எர்த் போதும் என்று விட்டுவிடாதீர்கள். கோடையில் மண் காய்ந்தால் அந்த எண் எங்கே போய் நிற்கும் என்று சொல்ல முடியாது. 100 ஓமுக்குக் கீழே வைத்தால் நிம்மதி.

"அடிக்கடி விழும்" என்ற குறைக்கு வருகிறேன். ஆர்.சி.சி.பி. காரணமில்லாமல் விழுவது அபூர்வம். எங்கோ நியூட்ரலும் எர்த்தும் தொட்டுக்கொண்டிருக்கும், அல்லது ஒரு சர்க்யூட்டின் நியூட்ரலை இன்னொரு ஆர்.சி.சி.பி.யின் நியூட்ரலோடு கலந்திருப்பார்கள், அல்லது உண்மையிலேயே கசிவு இருக்கும். முழு வீட்டுக்கும் ஒரே ஆர்.சி.சி.பி. போட்டால், பத்துச் சாதனங்களின் இயல்பான சிறு கசிவுகள் சேர்ந்து 30-ஐ நெருங்கும், அப்போது விழும். இரண்டு மூன்றாகப் பிரித்துப் போடுங்கள். ஹீட்டருக்கும் மோட்டாருக்கும் ஆளுக்கொரு ஆர்.சி.பி.ஓ. (எம்.சி.பி.யும் ஆர்.சி.சி.பி.யும் ஒன்றாகச் சேர்ந்தது) வைத்தால் இன்னும் நல்லது, எது கெட்டதோ அது மட்டும் விழும். இன்வெர்ட்டர் ஏ.சி., வாஷிங் மெஷின் உள்ள சர்க்யூட்டில் ஏ வகை வாங்குங்கள். பழைய ஏ.சி. வகை ஆர்.சி.சி.பி. (இங்கே ஏ.சி. என்பது மாறுமின்னோட்டம், குளிர்சாதனம் அல்ல), இந்தச் சாதனங்கள் கசியவிடும் துடிப்பு நேர்கரண்டை ஒழுங்காக உணராது. தெருவோரத்தில் மீட்டருக்கு அடுத்து, 45 மீட்டர் கேபிளுக்காக, 100 மில்லி ஆம்பியர் எஸ் வகை ஒன்று வைக்கலாம். அது சற்றுத் தாமதித்து விழும். அதனால் வீட்டுக்குள் நடக்கும் கசிவுக்கு உள்ளே இருக்கும் 30-தான் முதலில் விழும். டெஸ்ட் பட்டனை மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது அழுத்திப் பாருங்கள். ஒருவர் ஃபேஸையும் நியூட்ரலையும் இரண்டு கையால் பிடித்து, எர்த்துக்குக் கசிவே இல்லையென்றால் ஆர்.சி.சி.பி.க்குத் தெரியாது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

எர்த் நன்றாக இருக்கிறது என்று காட்ட, ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே 100 வாட் குண்டு பல்பைப் பிடித்து "பாருங்கள், பளிச்சென்று எரிகிறது" என்பார்கள். உங்களுக்கும் காட்டுவார்கள். எரியும் பல்பின் தடை 530 ஓம் போல. எர்த் 110 ஓம் என்று மோசமாக இருந்தாலும் பல்புக்கு 190 வோல்ட் கிடைக்கும், கண்ணுக்கு நன்றாகவே எரியும். அது அரை ஆம்பியர்கூட இழுப்பதில்லை. அதை வைத்து ஃபால்ட் கரண்டைத் தாங்குமா என்று எப்படித் தெரிந்துகொள்வது? எர்த் டெஸ்டர் என்ற கருவி இருக்கிறது. ராடிலிருந்து எர்த் ஒயரைக் கழற்றிவிட்டு, தள்ளி இரண்டு சிறு கம்பிகளை மண்ணில் குத்தி அளப்பார்கள். கால் மணி நேர வேலை. எண்ணை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், அளந்த மாதத்தையும் சேர்த்து. மழை முடிந்த மறுவாரம் அளந்த எண்ணுக்கும் கடும் கோடையில் அளந்த எண்ணுக்கும் நிறைய வித்தியாசம் இருக்கும்.

உப்பு, கரி பற்றி: உப்பு மண்ணின் தடையைக் குறைப்பது உண்மை. ஆனால் மழைநீரில் கரைந்து இறங்கிவிடும், ராடையும் அரிக்கும். சில வருடங்களில் அளந்து பார்த்தால் தொடங்கிய இடத்துக்கே வந்திருக்கும். பென்டோனைட் களிமண் ஈரத்தைப் பிடித்துவைக்கும், அரிக்காது. அதை விட நல்லது, எப்போதும் ஈரம் இருக்கும் ஆழம் வரை ராடு போவது.

செய்யவே கூடாத ஒன்று: எர்த் சரியில்லை என்று சாக்கெட்டுக்குள்ளேயோ டி.பி.யிலோ நியூட்ரலையும் எர்த்தையும் ஒரு துண்டு ஒயரால் இணைப்பது. எல்லாம் சரியாக ஓடுவது போலவே தெரியும். நியூட்ரல் எங்காவது ஒரு ஸ்க்ரூவில் விட்டுப்போன நாளில், ஓடிக்கொண்டிருக்கும் ஒவ்வொரு சாதனத்தின் வழியாகவும் ஃபேஸ் அந்தத் துண்டு ஒயருக்கு வந்து, ஃபிரிட்ஜ் கதவிலும் வாஷிங் மெஷின் உடலிலும் 230 வோல்ட் நிற்கும். நியூட்ரலையும் எர்த்தையும் எங்கே இணைப்பது என்பதை மின் விநியோக நிறுவனம்தான் முடிவு செய்ய வேண்டும்.

கம்ப்யூட்டருக்குத் தனி எர்த், மோட்டாருக்குத் தனி எர்த் என்று தனித்தனி ராடு அடித்து, ஒன்றோடொன்று இணைக்காமல் விடுவதும் தவறு. பக்கத்தில் இடி விழுந்தால் இரண்டு ராடுக்கும் நடுவே ஆயிரக்கணக்கான வோல்ட் வித்தியாசம் வரும், அந்த வித்தியாசம் சாதனத்துக்குள்தான் வெடிக்கும். எத்தனை ராடு அடித்தாலும் எல்லாம் டி.பி. பக்கத்தில் ஒரே எர்த் பட்டையில் சேர வேண்டும். வீட்டுக்குள் நுழையும் உலோகத் தண்ணீர்க் குழாய், கேஸ் குழாய் இருந்தால் அவற்றையும் குறைந்தது 6 ஸ்கொயர் காப்பரால் அதே பட்டையில் சேருங்கள்.

எர்த் ஒயரின் சைஸுக்கு எளிய அட்டவணை உண்டு. ஃபேஸ் ஒயர் 16 ஸ்கொயர் வரை இருந்தால் எர்த்தும் அதே சைஸ். 16-க்கு மேல் 35 வரை எர்த் 16 போதும். அதற்கு மேல் ஃபேஸில் பாதி. 2.5-க்கு 2.5, 4-க்கு 4, விளக்குக்கு 1.5. கணக்குப் போட்டுப் பார்த்து இதை விடச் சிறிதாக்க முடியும், விதியும் அனுமதிக்கும். ஆனால் ஒரு ஃபால்ட்டில் 1000 ஆம்பியர் 0.1 நொடி ஓடினால் பி.வி.சி. கேபிளுக்குள் இருக்கும் எர்த் கம்பிக்கு 2.75 ஸ்கொயராவது வேண்டும் என்று அதே கணக்கு சொல்கிறது. எர்த் பட்டையிலிருந்து ராடுக்குப் போகும் கம்பி மண்ணுக்குள் வெறுமனே போனால் 25 ஸ்கொயர் காப்பர், அரிக்காதபடி காப்புறை இருந்தால் 16. ராடில் கிளாம்ப் பிடிக்கும் இடம் கண்ணுக்குத் தெரியும்படி ஒரு சிறு குழியும் மூடியும் வையுங்கள். அந்த ஒரு போல்ட் துருப்பிடித்தால் வீட்டுக்கே எர்த் இல்லை.

எர்த் அறுபட்டதைக் காட்டும் ஓர் அடையாளம் உண்டு. வாஷிங் மெஷினையோ கம்ப்யூட்டர் பெட்டியையோ புறங்கையால் தடவும்போது மெல்லச் சுருசுருவென்று இருந்தால், மல்டிமீட்டரில் உடலுக்கும் நிலத்துக்கும் நடுவே பாதி வோல்ட்டேஜ், 110 அல்லது 115 என்று காட்டினால், பெரும்பாலும் சாதனத்தில் பழுதில்லை. அதன் ஃபில்டரில் ஃபேஸிலிருந்தும் நியூட்ரலிலிருந்தும் உடலுக்கு இரண்டு சிறு கெப்பாசிட்டர் இருக்கும், அவற்றின் கசிவு வெளியேற வழியில்லாமல் உடலில் நிற்கிறது. அந்த சாக்கெட்டைத் திறந்து பாருங்கள். நான் திறந்த ஒன்றில் பச்சை ஒயரைச் சுருட்டி, டேப் ஒட்டி, பெட்டியின் மூலையில் பத்திரமாக வைத்திருந்தார்கள். பின்னில் மாட்டவே இல்லை.

உங்கள் வீட்டுக்கு இப்போதே செய்ய வேண்டியது, பூச்சுக்கு முன்னால் எர்த் ஒயர்களை மாற்றிவிடுவது. இழுத்துவிட்ட 1.5 வீணாகிவிட்டதே என்று தயங்க வேண்டாம். அதன் ஒரு முனையில் புதிய ஒயரை மெல்லிதாகச் சீவிக் கோத்து, டேப்பை வழுவழுப்பாகச் சுற்றி, மறுமுனையிலிருந்து இழுத்தால் பழையதே இழுகம்பியாகிவிடும். ஹீட்டருக்கு 4, ஏ.சி.க்கும் சமையலறைக்கும் மோட்டாருக்கும் 2.5. வெளியே வந்த 1.5 விளக்கு சர்க்யூட்டுகளின் எர்த்துக்கு அப்படியே உதவும், இழுக்கும்போது காப்பு கிழிந்திருக்கிறதா என்று மட்டும் விரலால் தடவிப் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு பைப் மட்டும் ஒயரை இழுக்க விடாமல் இறுகியிருந்தால், அது ஏற்கெனவே நிரம்பியிருக்கிறது என்று பொருள். பூசுவதற்கு முன் அங்கே இன்னொரு பைப் போட்டுவிடுங்கள்.